ஆர்விட்டின் பரண்

ஆகஸ்ட் மாத விஸ்கான்சின் காட்டைச் சொர்க்கம் என்று சொல்பவனை என்னோடு ஒரு மத்தியானம் கூட்டிப்போக வேண்டும். கொசு பிடுங்கும், உண்ணி காலில் ஏறும், இடுப்பளவு புதருக்குள் சட்டை தொப்பலாகும். மான் வேட்டை நவம்பரில்தான். ஆனால் மரத்தில் கட்டிய வேட்டைப் பரணைச் சரிசெய்வது, பார்வைக்குக் குறுக்கே வரும் கிளைகளை வெட்டுவது எல்லாம் இப்போதே முடிந்தாக வேண்டும். கடைசி நேரத்தில் போய்க் குடைந்தால் மனித வாடைக்கு ஒரு மான் வராது.

இந்த வருஷம் என் மகள் பிரிட்டாவுக்கு முதல் வேட்டை. அவள் அம்மாவும் நானும் பிரிந்து வாழ்கிறோம். "உட்கார்ற இடம் பத்திரமா இல்லேன்னா பிள்ளையை அனுப்ப மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால்தான் ஓடையோரத்து மேப்பிள் மரத்துப் பரணைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் வேட்டைக்கூட்டத்தில் அதைவிடப் பத்திரமான நல்ல இடம் கிடையாது. கிழவர் ஆர்விட்டின் இடம் அது. போன குளிர்காலத்தில் மனுஷன் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பரணிலிருந்து ஒரு கயிறு தொங்கும். துப்பாக்கியோடு ஏணி ஏறக் கூடாது. குண்டு போடாத துப்பாக்கியைக் கீழே கயிற்றில் கட்டிவிட்டு, மேலே போய் உட்கார்ந்த பிறகு இழுத்துக்கொள்ள வேண்டும். கயிறு மேலே போயிருந்தால் ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். மற்றவன் கிட்டே போக மாட்டான்.

என் உயிரை வாங்கியது அந்தக் கயிறுதான்.

தரையைத் தொடும்படி தொங்கவிட்டு வருவேன். மறுவாரம் போனால் மேலே சுருண்டு கிடக்கும். பரணை மரத்தோடு கட்டும் பட்டைகளை மாற்றினேன், உட்காரும் பலகையை மாற்றினேன், என்ன செய்தும் கயிறு மேலேயேதான். சனிக்கிழமை பிரிட்டாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கும் அதே கதை. எரிச்சலில் அங்கேயே நின்று, எங்கள் கூட்டத்தில் ஒருவனான மச்சான் கர்ட்டுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன்.

"டேய், பரண் கயிறை மேல சுருட்டிப் போடறது நீதானே? விளையாட்டுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"உன் பரண்ல ஏறணும்னு எனக்கென்ன வேண்டுதலா? மூட்டுவலியில வீட்டு மாடிப்படியே ஏற முடியல." அவன் குரல் தணிந்தது. "வெர்ன், ஆர்விட்கிட்ட கேட்டியா?"

"செத்தவர்கிட்ட என்னத்தடா கேக்கறது?"

"அடுத்தவன் பரண்ல கேக்காம உக்காரக் கூடாது. இதுக்காக அவர் எத்தனை பேரை வாங்கு வாங்குன்னு வாங்கியிருக்கார், மறந்துட்டியா?"

"போடா வேலையப் பாத்துக்கிட்டு." போனை வைத்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். கொசுச் சத்தம் நின்றிருந்தது.

ஒரு குருவி கத்தவில்லை.

ஆர்விட் எப்போதும் வாயில் அடக்கிக்கொள்ளும் புகையிலையின் வாடை மேலேயிருந்து இறங்கியது. பலகை கிறீச்சென்றது.

"மேல யாரோ இருக்காங்கப்பா," பிரிட்டா கிசுகிசுத்தாள்.

"காத்துடி."

ஓர் இலைகூட அசையவில்லை.

அவள் அண்ணாந்து பார்த்து, பள்ளியில் டீச்சரிடம் அனுமதி கேட்பதுபோல் கேட்டாள்: "ஆர்விட் தாத்தா, இந்த வருஷம் நான் இங்க உக்காரட்டுமா?"

கயிறு இறங்கியது. யாரோ கைமாற்றிக் கைமாற்றி விடுவதுபோல், நிதானமாக அவள் காலடிக்கு வந்து நின்றது.

நான் இரண்டடி பின்னுக்குப் போனேன். கூடவே ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தது. கோடை முழுக்க நாயாய் உழைத்தேனே, வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமா?

பிரிட்டா தோளில் இருந்த பையைக் கழற்றிக் கயிற்றில் கட்டினாள்.

"வேணாம். வா, போயிடலாம்." எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

அதற்குள் அவள் இரண்டு கைகளும் ஏணியில் இருந்தன. பை தானாக மேலே போனது.

பாய்ந்து அவள் கணுக்காலைப் பிடித்தேன். "சும்மா இருப்பா, இழுத்தா விழுந்துடுவேன்" என்று உதறிக்கொண்டு ஏறினாள். நான் கீழே ஏணியைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். இவள் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

கடைசிப் படியில் நின்று, வெறும் பலகையைப் பார்த்துச் சொன்னாள்:

"தாத்தா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

பலகை மறுபடியும் கிறீச்சிட்டது.