ஒற்றைத்தாழைப் பாடு

கடலுக்குள்ளிருந்து வந்த கயிறு காய்ந்து கிடந்தது.

தில்லைநாதர் குனிந்து தொட்டுப் பார்த்தார். அலை ஏறி ஏறி நனைத்துக்கொண்டிருந்த இடத்திலேயே அது வைக்கோல் போல மொறுமொறுத்தது. அதே கயிறு கரையேறி, சுடுமணலைத் தாண்டி, மணல் மேட்டுக்குப் பின்னால் மறைகிற இடத்தில்தான் ஈரம் சொட்டியது. பாசிகூடப் பிடித்திருந்தது. இதில் ஏதோ பிழை இருக்கிறது என்று நினைத்தார். ஆனால் பிழைக்கெல்லாம் பயப்படுகிறவர் என்றால் அவர் கலியாணமே முடித்திருக்க மாட்டார்.

ஒற்றைத்தாழைக் கரை அவருடைய பெண்சாதி மீனாம்பிகைக்குச் சீதனமாக வந்தது. நிலமாக அல்ல, அந்த நீளத்தில் கரைவலை வளைக்கிற உரிமையாக. அதைப் பாடு என்பார்கள். தோணியில் போய் வலையைக் கடலில் வளைத்துவிட்டு, அதன் இரண்டு கயிற்றையும் கரையில் நின்று இழுப்பதுதான் கரைவலை. வடமராட்சி கிழக்கில் வீதி முடிந்து, பனை முடிந்து, கைத்தொலைபேசிக்குக் கவரேஜும் முடிந்த பிறகு கிடக்கிற கரை. அங்கே நண்டுகூட வளை தோண்டாது. ஏன் என்று கேட்டால் ஊரில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆள் போகாத பாட்டை ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மீனவர் சங்கம் பறித்துவிடும். அதற்கு முன் ஒரு தரமாவது வளைத்துக் காட்டவேண்டும். இடம் பார்க்கத்தான் இந்த மத்தியானத்தில் வந்திருந்தார்.

கூட வந்தவன் தேவராசா. உழவு இயந்திரத்தால் அவருடைய வலையை இழுத்துக் கொடுக்கிறவன். மோட்டார் சைக்கிளை மேட்டின் உச்சியில் நிறுத்திவிட்டு அங்கேயே நின்றான்.

“இறங்கி வாவன்ரா!”

“இஞ்சை நிண்டாலும் கடல் தெரியுது அண்ணை.”

“பயமோ?”

“சீச்சீ. செருப்புப் புதுசு.”

“இதிலை ஒரு கயிறு கிடக்கு. பக்கத்துப் பாட்டுக் கனகரத்தினத்தின்ரை ஆக்கள் என்ரை பாட்டிலை வளைச்சுப்போட்டாங்கள்!”

“அப்ப தோணி எங்கை அண்ணை?”

தோணி இல்லை. அடிவானம் வரைக்கும் ஒரு பொட்டுக்கூட இல்லை. ஆனால் தன் பாட்டில் அடுத்தவன் கயிற்றைக் கண்ட கரைவலைக்காரனுக்குக் காது கேட்காது. தில்லைநாதர் சாரத்தை மடித்துக் கட்டினார். குதிக்காலை மணலில் ஊன்றினார். என்னுடைய கரையில் வருகிற மீன் என்னுடைய மீன் என்று இழுத்தார்.

கயிறு கடலின் பக்கம் போனது.

ஒரு முழம். பிறகு இன்னொரு முழம். அவசரமில்லாமல், பழகிய கைகள் மாறி மாறிப் பிடித்து இழுப்பதுபோல. காற்று நின்றது. மீன் நிறைந்த வலைமடி கரையேறும்போது எழும்புகிற அந்தக் கொழுத்த மீன்வாடை அவருடைய முதுகுப் பக்கமிருந்து, காய்ந்த புல்லும் தாழம்புதரும் மட்டுமே உள்ள தரைப்பக்கமிருந்து, சூடாக வந்து பிடரியில் படிந்தது. அதற்குள் பாட்டும் கேட்டது. வலை இழுக்கிறவர்கள் மூச்சுக்கு மூச்சுப் பாடுகிற அம்பா. ஒருவன் எடுத்துக் கொடுக்க, பலர் ஏந்தினார்கள். குடத்துக்குள் வாயை வைத்துப் பாடுவது போலிருந்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது.

தூரத்தில், கரையின் மறு அந்தத்தில், இன்னொரு கயிறு கடலுக்குள் இறங்கி விறைத்து நின்றதை அப்போதுதான் கண்டார்.

இரண்டு கயிறு. இரண்டும் கடலுக்குள்ளிருந்து இழுபடுகின்றன. அப்படியென்றால் வலை எங்கே?

மேட்டைத் தாண்டி ஒரு முயல் ஓடிவந்தது. பிறகு உடும்பு. பிறகு ஆடுகள், கட்டாக்காலி மாடு, நாய். எல்லாம் கடலைப் பார்த்து ஓடின. கடைசியாகத் தேவராசா, ஒற்றைச் செருப்போடு.

“அண்ணை! ஆரோ வளைச்சிருக்கினம்!”

“ஆரை?”

“எங்களை!”

அவனுக்குப் பின்னால் மேடு முழுக்க மிதப்புகள் எழும்பின. கறுத்த வலை. பனை உயரம். மோட்டார் சைக்கிள் அதில் சிக்கி உருண்டு வந்தது.

தில்லைநாதர் சாரத்து மடியிலிருந்த வில்லுக்கத்தியை விரித்தார். வலை நெஞ்சில் முட்டியது. குளிர். அறுத்தார். ஒரு கண், நாலு கண், ஒரு ஆள் நுழைகிற ஓட்டை. தேவராசாவின் தலையைப் பிடித்து அதற்குள் திணித்தார்.

“வாங்கோ அண்ணை!”

“நீ போ! பாட்டை விடேலாதெண்டு கூட்டத்திலை சொல்லு!”

அவரும் நுழைந்திருக்கலாம். நுழையவில்லை. கோபம் விடவில்லை. ஓட்டை தானாகத் தைபட்டு மூடியது.

கடலைப் பார்த்துத் திரும்பினார்.

தண்ணீருக்கு மேலே கைகள். வரிசையாக. பிறகு தலைகள். இமையில்லாத கண்கள். பின்பக்கமாக நடந்து, ஆழத்துக்குள் இறங்கி, இழுத்துக்கொண்டே இருந்தார்கள். மாடு கத்தியது. வலை முதுகில் தள்ளத் தள்ள, அலை இடுப்புக்கு வந்தது.

“இது என்ரை பெண்சாதியின்ரை சீதனம்!” என்று கத்தினார். “ஒரு முழமும் விடமாட்டன்! ஆரடா உங்களுக்கு இஞ்சை பாடு தந்தது?”

அம்பா நின்றது.

வரிசைக்கு முன்னால் ஒரு பெண் எழும்பினாள். இடுப்பில் மீன் அள்ளுகிற ஓலைக் கடகம். கிட்ட வந்தாள். மீன் வாங்குகிறவள் போல அவருடைய தாடையை உயர்த்தினாள். காதுக்குப் பின்னால் குளிர்ந்த விரல்கள் புகுந்து செவுளைத் தேடின.

அவர் அவள் முகத்தில் காறித் துப்பினார்.

அவள் முகத்தைத் துடைக்கவில்லை. பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து, உயிர் இருக்கிறது என்று மகிழ்ச்சியோடு தலையாட்டிவிட்டு, கடகத்தைச் சரித்துப் பிடித்தாள்.