இளையது ஏறிய உயரம்

மத்தியானம் சாப்பிடப் போகும்போது பூஜ்யத்தில் நின்ற முள், அவர் கை கழுவிவிட்டுத் திரும்பியபோது எண்ணூறு அடியைக் காட்டிக்கொண்டிருந்தது.

முதலில் தன் மூக்குக்கண்ணாடியைத்தான் சந்தேகப்பட்டார். கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, ஏணியில் ஏறி, ராக்கெட் விமானத்தின் காக்பிட்டுக்குள் மறுபடியும் எட்டிப் பார்த்தார். எண்ணூறுதான். உயரமானிக்கு மின்சாரம் வேண்டாம். சுற்றியுள்ள காற்று மெலிந்தால் முள் ஏறும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். வெளியே மழை பிடித்திருக்கிறது, மழை நாளில் முள் அப்படி இப்படி அசையத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.

அந்த ராக்கெட் விமானத்தில் இரண்டே இரண்டுதான் கட்டினார்கள். பட்டறையில் ஒன்றை மூத்தது என்றும் மற்றதை இளையது என்றும் சொல்வார்கள். பெரிய விமானம் ஒன்று வயிற்றில் சுமந்துபோய் உயரத்தில் கழற்றிவிட, தானே நெருப்பு கக்கிக்கொண்டு மேலே பாய வேண்டிய வண்டிகள். மூத்தது நான்காம் முறை பறந்தபோது, நாற்பதாயிரம் அடியில் விமானிக்கு மூச்சுக்காற்று நின்றுபோய், ஆளோடு தரையில் விழுந்து நொறுங்கி எரிந்தது. இளையது பறக்கவே இல்லை. இருபத்திரண்டு வருடம் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்துவிட்டு இப்போதுதான் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தது. நாளை திறப்பு விழா. ரிப்பன் வெட்டப்போகிறவள் இறந்த விமானியின் மனைவி. துடைத்துக்கொண்டிருந்தவருக்கு அவள் கூடப்பிறந்த தங்கை.

இப்போது அருங்காட்சியகத்தில் பராமரிப்பு வேலை பார்க்கும் அவர், அன்றைக்குப் பட்டறையில் பரிசோதகர். ஆக்ஸிஜன் வால்வைக் கையால் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மூத்தது விழுவதற்கு முந்தின நாளே அந்த வால்வு இறுக்கமாகத்தான் இருந்தது. மாற்றிவிடலாம் என்று நினைத்தார், மறந்துபோனார். மறுநாள் காலை, அவசரத்தில், தொட்டுக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். விசாரணையில், "திருப்பிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். "பார்த்தேன்" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. வால்வைத் திறக்க விமானி மறந்துவிட்டார் என்று அறிக்கை எழுதி மூடினார்கள்.

தகரக் கூரையில் மழை அறைந்துகொண்டே இருந்தது. பெயிண்டும் மெழுகும் மணந்த கூடத்தில், எங்கிருந்தோ சூடேறிய ரப்பரின் வாடையும் அதற்கடியில் ஓர் ஆணின் வியர்வை வாடையும் மெல்லக் கசிந்து வந்தன. அவர் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தார். பார்த்தார். நாலாயிரம்.

"அண்ணா!"

துணி கையிலிருந்து நழுவிவிட்டது. தங்கை வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் கூட்டத்துல நின்னு பாக்க முடியாதுண்ணா. அதான் இன்னைக்கே வந்துட்டேன். ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது உனக்கு?"

"ஒண்ணுமில்ல பாப்பா. புழுக்கம்."

"இந்த மழையிலயா?" சிரித்துக்கொண்டே வந்தவள், விமானத்தின் பக்கத்தில் வந்ததும் சிரிப்பை நிறுத்தினாள். அதன் வயிற்றுத் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். "ஒண்ணு மட்டும் எனக்கு இன்னைக்கு வரைக்கும் பிடிபடலண்ணா. கேஸ் அணைச்சாச்சான்னு மூணு தடவ எந்திரிச்சுப் போய்ப் பாக்குற மனுஷன். அவரு எப்படி மறந்தாரு?"

இப்போது சொல்லிவிடலாம். கூடத்தில் வேறு யாரும் இல்லை. குனிந்து, விழுந்த துணியை எடுத்தார்.

"அவ்வளவு உயரம் போனா... மூளை சரியா வேலை செய்யாது பாப்பா."

"ம். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். உன் கையால பாத்து அனுப்புனவன் நீ." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உள்ள ஒரே ஒரு தடவை உக்காந்து பாக்கட்டுமா?"

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அவள் புடவையைச் செருகிக்கொண்டு ஏறி, உள்ளே இறங்கினாள். ஒரே ஓர் ஆளுக்கான இடம். தோள் இரண்டு பக்கமும் இடித்தது.

"எவ்வளவு குறுகல்! இதுல காலை எங்க நீட்டினாரோ..." சட்டென்று நிறுத்தினாள். "அண்ணா, சீட்டு சூடா இருக்கு."

"இறங்கு."

"யாராவது இப்பத்தான்..."

"இறங்கு பாப்பா!"

காக்பிட்டின் கண்ணாடி மூடி தானாகவே அவருடைய விரல் நுனியை உரசிக்கொண்டு விழுந்தது. பூட்டு விழுந்த சத்தம். அதோடு மழைச் சத்தமும் நின்றதுபோல் இருந்தது.

வெளிக் கைப்பிடியை இழுத்தார். அசையவில்லை. உள்ளே முள் ஓடத் தொடங்கியது. பத்தாயிரம். பதினைந்து. அவள் கண்ணாடியைத் தட்டினாள். வாய் அசைந்தது. குரல் வரவில்லை. இருபத்தைந்து. உதடு நீலம் பாரித்தது. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. முப்பது. அவர் கைப்பிடியில் இரண்டு கையாலும் தொங்கினார். நகம் பெயர்ந்தது. முப்பத்தெட்டு.

"நான் பாக்கல!" கண்ணாடியில் வாயை வைத்துக் கத்தினார். "வால்வை நான் தொடவே இல்ல! இறுகிக் கெடந்துச்சு, எனக்குத் தெரியும்! அவர் மறக்கல பாப்பா, நான்தான்... பொய் சொன்னேன்! நான்தான்!"

நாற்பதாயிரம். முள் நின்றது.

அவள் தட்டுவதை நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள். எல்லாம் கேட்டுவிட்டது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது.

பூட்டு தானே விடுபட்டது. மூடி இரண்டு விரற்கடை எழும்ப, காற்று சீறிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. அப்பாடா, பிழைத்தாள் என்று அவர் இடைவெளிக்குள் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையை எடுத்து வெளியே தள்ளினாள். பிறகு மூடியின் விளிம்பைப் பிடித்து, தன் கையாலேயே கீழே இழுத்தாள். பூட்டினாள்.

"பாப்பா..."

அவள் திரும்பவில்லை. சாய்ந்துகொண்டாள். அவள் தலை சற்று முன்பு இருந்ததைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தது, யாருடைய மடியிலோ உட்கார்ந்திருப்பதைப்போல. அவளுடைய இரண்டு கைகளும் சும்மாதான் கிடந்தன. முதுகுக்குப் பின்னாலிருந்து, கரிந்த தோல் கையுறை மாட்டிய வேறு இரண்டு கைகள் முன்னால் வந்து, சீட்டின் இடது வாரையும் வலது வாரையும் எடுத்து, அவள் நெஞ்சுக்குக் குறுக்கே நிதானமாகப் பூட்டிக்கொண்டிருந்தன.