தறிக்குழியில் ஊற்றிய பால்

பிரசவ விடுப்பு முடிந்து ரூக்ஷார் வேலைக்குத் திரும்பிய அன்று, முதலாளியம்மா கமலாட்சி அவளைக் கையைப் பிடித்துக் கடையின் பின்பக்கம் அழைத்துப் போனாள். பிள்ளையார்பாளையத்தில் நெசவு வீடாக இருந்து பட்டுப்புடவைக் கடையாக மாறிய கட்டடம் அது. முன்னால் கண்ணாடியும் விளக்குமாகப் பளபளக்கும், பின்னால் சுண்ணாம்பு உதிரும். கடைசி அறையில் ஒரு நாற்காலி போட்டு, திரை கட்டி, உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்திருந்தார்கள். பழைய தறியை எப்போதோ கழற்றிவிட்டார்கள். நெய்கிறவர் காலை விட்டு உட்காரும் குழி மட்டும் பலகை போட்டு மூடிக் கிடந்தது.

"இனிமே இது உன் ரூமும்மா. பால் கட்டிக்கிச்சுன்னா இங்க வந்து பீச்சிக்கோ. முன்னாடி இருந்த பொண்ணுங்க பாத்ரூம்ல நின்னு பீச்சிக்கினு அழுவாங்க, பாக்கவே சங்கடமா இருக்கும். பிரிட்ஜு அடுத்த வாரம் வந்துரும்."

கமலாட்சிக்கு மனசு இருந்தது. பிரிட்ஜ்தான் வரவில்லை.

வெயில் காலம். காலையில் பீச்சிய பால் சாயங்காலம் வரை தாங்காது, கொட்டத்தான் வேண்டும். எங்கே கொட்டுவது? மாமியார் சைதுன் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தாள். "தாய்ப்பாலக் காலு படற எடத்துல ஊத்தாதம்மா. அப்புறம் வத்திப்பூடும்." கடையின் கொல்லை முழுக்க சிமெண்டு பூசி, ஆள் நடமாட்டமாக இருந்தது. சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. ரூக்ஷார் குழிப் பலகையை ஓரமாக நகர்த்தி, உள்ளே ஊற்றினாள். அங்கே யார் கால் படப் போகிறது?

பால் மண்ணில் விழும் சத்தம் கேட்கவில்லை.

அதைப் பெரிதாக அவள் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்தே எதுவும் அவளுக்கு உறைப்பதில்லை. அஞ்சும் அழுதால் தூக்குவாள், சிரித்தால் பார்த்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். பெற்ற மகள் மேல் பாசம் பொங்கவில்லையே என்ற வருத்தம்கூட எங்கேயோ தூரத்தில் இருந்தது. பயப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும், அதுவும் அவளிடம் இல்லை.

தினமும் ஊற்றினாள். குழியில் ஈரம் தங்கவில்லை, எறும்பு வரவில்லை. புளித்த வாடை அடிக்க வேண்டிய இடத்தில், பச்சைக் குழந்தையின் உச்சந்தலை வாசம் அடித்தது.

ஒருநாள் உள்ளே சத்தமும் கேட்டது.

சப்புக்கொட்டும் சத்தம்.

ரூக்ஷார் பலகையை மூடிவிட்டுப் புடவை மடிக்கப் போய்விட்டாள்.

வீட்டில்தான் விஷயம் முற்றியது. அஞ்சும் மார்பில் வாய் வைப்பாள், நாலு தடவை இழுப்பாள், ஒன்றும் வராமல் வீறிட்டு அழுவாள். மாவுப்பால் கொடுத்தால் அப்படியே கக்கிவிடுவாள். எடை போட்டுப் பார்த்த நர்ஸ், இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். குழந்தையின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

"கடைல நல்லாத்தான் வருது மாமி. புட்டி ரொம்பிடுது," என்றாள் ரூக்ஷார்.

சைதுன் அவளையே பார்த்தாள். "அப்போ யாருக்கும்மா சுரக்குது?"

கடைசியில் அந்த அறைக்குப் பிரிட்ஜ் வந்து சேர்ந்தது. அன்று பீச்சிய பாலை ரூக்ஷார் கொட்டவில்லை. புட்டியை இறுக மூடி, பிரிட்ஜில் வைத்து, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்தப் பால் போனால் அஞ்சுமுக்கு வேறு வழியில்லை.

சாயங்காலம் திறந்தாள்.

மூடி திருகியபடியே இருந்தது. புட்டி கழுவித் துடைத்த மாதிரி காய்ந்திருந்தது.

குழிப் பலகை ஒரு சாண் விலகியிருந்தது.

ரூக்ஷார் புட்டியோடு போய்க் கமலாட்சி முன்னால் நின்றாள். பலகை விலகிக் கிடந்ததைச் சொன்னாள். கமலாட்சி புட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தறி இருந்த காலத்துல, நெய்யிற பொம்பள ஒருத்தி கொயந்தயக் கொண்டாந்துக்கினு இருந்தாளாம். மேல தூளி கட்டக் கூடாது, ஆடினா பாவு நூலு அசையும், இழை அறும்னு என் மாமனார் சொல்லிட்டாரு. அவ குழியிலயே காலுக்குப் பக்கத்துல படுக்க வெச்சுக்கினு நெய்ஞ்சாளாம். பால் குடுக்க எயுந்துக்கவும் விட மாட்டாங்களாம்."

"அப்புறம்?"

"கொயந்த காய்ச்சல்ல பூட்டுச்சுன்னு சொன்னாங்க. வேற கேக்காதம்மா."

மறுநாளே குழியில் மணலைக் கொட்டி, மேலே சிமெண்டு போட்டார்கள். கமலாட்சி நின்று பார்த்துக்கொண்டாள். ரூக்ஷாருக்கு மாடியில் வேறு அறை ஒதுக்கினாள். சம்பளத்தோடு ஒரு வாரம் லீவும் கொடுத்து, "போய் கொயந்தயப் பாரு, போ" என்று அனுப்பினாள். இதற்கு மேல் ஒரு முதலாளியால் என்ன செய்ய முடியும்?

மத்தியானம் வீட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ரூக்ஷார் அஞ்சுமை இடது பக்கம் போட்டுக்கொண்டாள். குழந்தை வாய் வைத்தது. இழுத்தது. மடக் மடக்கென்று விழுங்கியது. கடைவாயில் பால் வழிந்தது. வாசற்படியில் நின்ற சைதுன், "அல்ஹம்துலில்லா" என்று முணுமுணுத்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாதக்கணக்கில் வராத அழுகை ரூக்ஷாருக்கு அப்போது வந்தது. தன் பிள்ளை பிழைத்துவிட்டது என்று நினைத்தாள்.

அப்போது வலது மார்பில் ஒரு வாய் பற்றியது.

பல் இல்லாத ஈறு. சில்லென்றிருந்தது.

குனிந்து பார்த்தாள். யாருமில்லை. காம்பு மட்டும் உள்ளே இழுபட்டு, விட்டு, மறுபடி இழுபட்டது.

கையால் அதைத் தள்ளினாள். உடனே இடது பக்கம் பால் நின்றது. அஞ்சும் வீறிட்டாள். காலியான காம்பை ஈறால் கடித்துக் கடித்து அழுதாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று சைதுன் ஓடி வந்தாள்.

ரூக்ஷார் அழுகிற மகளைப் பார்த்தாள். அழுகை நின்று, முகம் பழையபடி மரத்தது. பிறகு வலது கையை மடக்கி, வெறும் மடியில் ஒரு தலை வைக்க இடம் கொடுத்தாள்.

இடது பக்கம் பால் இறங்கியது. அஞ்சும் அடங்கிக் குடிக்கத் தொடங்கினாள்.

"ஒண்ணுமில்ல மாமி," என்றாள் ரூக்ஷார். வலது கை மெல்ல மெல்லக் கனத்தது.