திரும்பி வராத இருபது இணைப்புகள்

வியாழக்கிழமை பின்னேரம் சுதர்சினியின் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்த ரஜனி கதிரையில் உட்காரவே இல்லை.

"நாளைக்குச் சாயந்தரம் எங்க வீட்டுக்காரர் மேல பொலிஸ்ல புகார் என்ட்ரி போடப் போறாங்களாம், மிஸ். அவரு ஒரு மனுசனைச் சாகடிச்சிட்டாருன்னு சொல்றாங்க."

நிறுவனங்களின் கம்பியூட்டர்கள் ஏன் மூச்சடைத்து நின்றன என்று கண்டுபிடிப்பதே சுதர்சினியின் தொழில். காரணம் ஏதாவது ஒரு சின்னப் பிழையாக இருக்கும். பழி மட்டும் சம்பளம் குறைந்தவன் தலையில் விழும். பதினைந்து வருடமாக இதில் மாற்றமே இல்லை. அவளோடு வேலை செய்யும் கொட்டாஞ்சேனைப் பையன், பற்றிக் என்பவன், வயர் இழுப்பதில் கெட்டிக்காரன். தேத்தண்ணீர் ஆறுவதற்குள் யாராவது ஒருவரைக் குற்றவாளியாக்கிவிடுவான்.

ரஜனி நின்றபடியே சொன்னாள். அவள் கணவன் புஷ்பராஜுக்கு வெள்ளவத்தையில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தின் கவுண்டரில் வேலை. இரண்டு மாதத்துக்கு முன் அங்கே புதுப் புரோகிராம் வந்தது. அன்றிலிருந்து சில நாட்களில் கவுண்டர்த் திரைகள் ஒரு மணி நேரம்வரை அப்படியே நின்றுவிடும். போன வெள்ளிக்கிழமை, ஜிந்துப்பிட்டியில் பக்கத்து வீட்டுப் பழனிமுத்துவைப் புஷ்பராஜ்தான் ஓட்டோவில் அங்கே கூட்டிப் போனான். சிறுநீரக நோயாளி. இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. இப்படியான முடிவு வந்தால் கவுண்டரில் இருப்பவர் யாருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல் உடனே டொக்டருக்குப் போன் எடுக்க வேண்டும். அதுதான் அங்கே விதி. ஆனால் முடிவைக் காட்ட வேண்டிய திரை நின்றுபோயிருந்தது. திரை உயிர்பெற்றபோது பகல் பன்னிரண்டு தாண்டிவிட்டது. வெளியே காத்திருந்த பழனிமுத்து வாங்குப் பலகையிலேயே சரிந்து கிடந்தார்.

"புரோகிராம் செஞ்ச கொம்பனிக்காரங்க நேத்து வந்து பாத்தாங்க. திரைக்குத் தகவல் வர்ற இணைப்பு மொத்தமே இருபதாம், இருபதையும் இவரு பேர்லதான் பிடிச்சு வச்சிருந்திச்சாம். இன்னிக்கு வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க. பாக்கியலெட்சுமி அக்கா, அதான் செத்தவரோட சம்சாரம், குழாயடியில என்னைக் கண்டா வாளியத் தூக்கிட்டுப் போயிடுது." ரஜனி அழுதாள்.

"எந்தெந்த நேரம் நிக்கிறது?" என்று கேட்டாள் சுதர்சினி.

"ஒரு ஒழுங்கே இல்லீங்க. திங்கக்கிழமைன்னா காலையில எட்டரைக்கு. சனிக்கிழமை பத்து மணிக்கு. வெள்ளிக்கிழமை பதினொன்னுக்கு. மத்த நாள்ல பின்னேரம் கொஞ்சம் மெதுவாப் போகும், ஆனா நிக்காது."

"காலையில ஆர் முதல் போறது?"

"அவருதான். சாமி படத்துக்கு விளக்கேத்திட்டு, எல்லாக் கம்பியூட்டரையும் தன் பேரக் குடுத்துத் திறந்து வைப்பாரு. முதலாளி பாஸ்வேர்ட் எல்லாம் அடிக்க மாட்டாரு."

"அப்ப வேற ஆரோ அவற்ற பேரில விளையாடியிருக்கு!" என்றான் பற்றிக். "கவுண்டரில வேற ஆர் இருக்கிறது?"

"ரூபிகான்னு ஒரு பொண்ணு."

"அவதான்."

அப்போது தேத்தண்ணீர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்து மணிக்குப் புஷ்பராஜையும் சேர்த்து நால்வரும் நிலையத்தில் இருந்தார்கள். முதலாளி யோகநாதன் நெற்றி நிறைய விபூதியோடு மரியாதையாகவே வரவேற்றார்.

"பாவம் அந்த மனுசன். நான் என்ன செய்யிறது, பிள்ளை? என்ர மெஷின் ஒருநாளும் நிண்டதில்லை. கவுண்டரில இருக்கிறதுகள்தான் நிக்குது." சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போனார்.

சுதர்சினி மடிக்கணினியைத் திறந்து, எத்தனை இணைப்புகள் பிடிபட்டிருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தரைவரை இரண்டு, மூன்றுக்கு மேல் போகவில்லை. பிறகு ஏறத் தொடங்கியது. ஏழு, பன்னிரண்டு, பதினெட்டு. பதினொன்றுக்கு இருபது. ரூபிகா கவுண்டரிலிருந்து எழுந்து வந்தாள்.

"நிண்டிட்டுது, மிஸ்."

பற்றிக் திரையை எட்டிப் பார்த்தான். "இருபதும் ரூபிகாட பேரில! நான் சொன்னனே!"

"பிள்ளை எங்களுக்கு முன்னால சும்மா நிக்குது, பற்றிக்," என்றாள் சுதர்சினி. "இண்டைக்குக் காலமை எல்லா மெஷினையும் திறந்தது ஆர்?"

"நான்தான்," என்றாள் ரூபிகா. "புஷ்பராஜ் அண்ணா வரேல்லைத்தானே."

"அப்ப பேரைப் பாத்துப் பிரயோசனமில்லை. இருபதும் ஒரே மெஷினிலயிருந்துதான் வருது. அந்த வயர் எங்க போகுதெண்டு பார்."

பற்றிக் சுவரோரமாகக் குனிந்து போனான். யோகநாதனின் கதவடியில் நிமிர்ந்தான். முகத்தில் இருந்த துள்ளல் போய்விட்டது.

எல்லோரும் உள்ளே போனார்கள். யோகநாதனின் திரையில் இருபது ரிப்போர்ட்டுகள் வரிசையாகத் திறந்திருந்தன. பின்னால் சுவரில் தினமும் கிழிக்கும் கலண்டர்.

"ஐயா, ரிப்போர்ட்டுகளுக்கு ஒப்புதல் பட்டனை அமத்த எத்தனை மணி ஆகும்?" என்று கேட்டாள் சுதர்சினி.

"பன்னிரண்டு. இப்ப ராகு காலமெல்லே. அப்பா காலத்தில இருந்து அப்பிடித்தான். கெட்ட நேரத்தில குடுக்கிற ரிப்போர்ட் நோயாளிக்குக் கூடாது. சும்மா இராமல் எல்லாத்தையும் திறந்து வாசிச்சு வச்சிருப்பன். அவசரமானதைக் கவுண்டர் பாத்துக்கொள்ளும்."

"கவுண்டருக்கு வழி இருந்தால்தானே? இந்தப் புரோகிராமில நீங்கள் திறக்கிற ஒவ்வொரு ரிப்போர்ட்டும் தரவுத்தளத்துக்குப் போற ஓர் இணைப்பைப் பிடிச்சு வச்சிருக்கும். மூடினால்தான் விடும். இருக்கிறதே இருபது. சாப்பாட்டுக் கடையில இருபது பிளேட்டையும் ஒருத்தரே மேசையில அடுக்கி வச்சுக்கொண்டு நல்ல நேரம் பாத்தா, வாசல்ல நிக்கிறவன் எதில சாப்பிடுறது? திங்கள் ஏழரை ஒன்பது, சனி ஒன்பது பத்தரை, வெள்ளி பத்தரை பன்னிரண்டு. மற்ற நாளில ராகு காலம் மத்தியானத்துக்குப் பிறகு. வெறும் வயித்தோட இரத்தம் குடுக்க வாற சனம் அதுக்கு முதலே போயிடும், அதால இருபது நிரம்பாது. உங்கட மெஷின் நிக்காததுக்குக் காரணம், எல்லா இணைப்பும் உங்களிட்ட இருந்ததுதான். ஒரு நாலைஞ்சை மூடுங்கோ. ஒப்புதல் குடுக்க வேண்டாம்."

யோகநாதன் மூடினார். "வந்திட்டுது!" என்று கவுண்டரிலிருந்து ரூபிகாவின் குரல் கேட்டது.

கதவருகே நின்ற புஷ்பராஜ் அப்போதுதான் வாய் திறந்தான். "அன்னிக்கு நான் மூணு தரம் இந்தக் கதவத் தட்டினேன், முதலாளி. பன்னிரண்டுக்குப் பிறகு வான்னீங்க."

யோகநாதன் சுதர்சினியிடம் திரும்பினார். "புரோகிராமில பிழையெண்டு சொல்லுங்கோவன்."

"அதிலயும் பிழைதான். சும்மா கிடக்கிற இணைப்பை அது தானாகத் திருப்பி எடுத்திருக்க வேணும். இண்டைக்கே திருத்தலாம். ஆனா புஷ்பராஜில ஒரு பிழையும் இல்லையெண்டு நீங்கள்தான் எழுதித் தர வேணும்."

கடிதத்தைச் சுதர்சினியே அடித்து அச்செடுத்தாள். இன்று பொலிசுக்கு ஒரு பிரதி, பாக்கியலெட்சுமிக்கு ஒரு பிரதி. ரஜனி அதை இரண்டு தரம் வாசித்து, மேசையில் வைத்தாள். யோகநாதன் பேனாவின் மூடியைக் கழற்றினார். கடிதத்தில் குனிந்தவர், நிமிர்ந்து கலண்டரைப் பார்த்தார். மணி பதினொன்றே கால்.

மூடியைத் திரும்பப் போட்டார்.

"பன்னிரண்டுக்குப் பிறகு கையெழுத்து வைக்கிறன், பிள்ளை. உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

பற்றிக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டான். சுதர்சினி அவனைத் தடுக்கவில்லை. ரஜனி புஷ்பராஜின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய், நோயாளிகள் காத்திருக்கும் வாங்கில் உட்கார்ந்தாள்.

"காத்திருக்கோம், முதலாளி," என்றாள். "பழனிமுத்து மாமாவும் இதே வாங்குலதான் பன்னிரண்டு வரைக்கும் காத்திருந்தாரு."