இரண்டு துண்டுக் கயிறு

எலாமானுக்கு ஒன்பது அடி நடக்கத் தெரியும். பத்தாவது அடியில் உட்கார்ந்துவிடுவான்.

எண்ணிப் பார்த்தவள் அவனுடைய அக்கா பெர்மெட். நேற்று ஏழு அடி. இன்று காலை ஒன்பது. நாளை அவனுக்குக் கயிறு வெட்டும் விருந்து.

கறுப்புக் கம்பளியும் வெள்ளைக் கம்பளியும் சேர்த்து அம்மா கயிறு முறுக்கி வைத்திருந்தாள். அதை எலாமானின் கால்களில் தளர்வாகக் கட்டி நிறுத்துவார்கள். ஊர்ப் பிள்ளைகள் தூரத்திலிருந்து ஓடி வருவார்கள். முதலில் வருகிற பிள்ளை கத்தியால் கயிற்றை வெட்டிவிடும். அதற்குப் பிறகு தடையில்லாமல் அவன் நடக்கலாம். வெட்டிய பிள்ளையின் குணம் அவனுக்கும் வரும் என்று சொல்வார்கள்.

தம்பியின் கயிற்றைத் தானே வெட்ட வேண்டும் என்று பெர்மெட்டுக்கு ஆசை. ஆனால் போன மாதம் பள்ளியில் நடந்த ஓட்டத்தில் அவளுக்குப் பின்னால் வந்தது ஒரு கன்றுக்குட்டி மட்டும்தான். அது பந்தயத்தில் சேரவே இல்லை.

"கவலைப்படாத குட்டி. மெதுவா ஓடவும் ஆள் வேணும்ல? இல்லேன்னா முதல்ல வர்றவங்க யாரை ஜெயிப்பாங்க?" என்றார் தாலாய் மாமா.

தாலாய் மாமா அம்மாவின் தம்பி. தலைநகர் பிஷ்கெக்கில் கட்டட வேலை செய்கிறார். விருந்துக்காக நேற்றுத்தான் வந்தார். வயது இருபத்திரண்டு. அவருடைய வாய்க்கு மட்டும் நாற்பது இருக்கும் என்பாள் அம்மா.

விருந்துக்கு முன்னால் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. வீட்டு முன்னால் வாய்க்கால் ஓடுகிறது. மலையில் பனி உருகி, இந்த வாரம்தான் தண்ணீர் வந்திருந்தது. வாசலிலிருந்து வாய்க்கால் இருபத்திரண்டு அடி. பெர்மெட் அதையும் எண்ணியிருந்தாள். தம்பி இருபத்திரண்டு அடி நடப்பதற்குள் அங்கே ஓர் இரும்புக் கதவு போட வேண்டும்.

காலையில் அப்பா சாபிர், இரும்பு வெட்டும் மெஷினை எடுத்து வந்தார். ஊரில் அதைப் போல்கார்கா என்பார்கள். கையில் பிடித்து வெட்டுவது. முன்பக்கம் ஒரு வட்டு. அதன் மேல் பாதி நிலா மாதிரி ஒரு மூடி. பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் அது ஓடும். விரலை எடுத்தால் நின்றுவிடும்.

மெஷினைப் பெர்மெட் தொடக் கூடாது. ஆனால் பிளக் அவளுடைய பொறுப்பு. அப்பா வட்டு மாற்றும்போதும், காற்று போகும் ஓட்டைகளில் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தூசு தட்டும்போதும், பிளக் பெர்மெட்டின் சட்டைப் பைக்குள் இருக்கும்.

"பிளக் எங்க?" என்று கேட்பார் அப்பா.

"பையில."

"யாரு பையில?"

"என் பையில."

இந்தக் கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்பார். பதில் வந்த பிறகுதான் வட்டின் மேல் கை வைப்பார்.

ஆறு குழாய்கள் வெட்ட வேண்டும். முதல் குழாயை வெட்டி முடித்தபோது போன் வந்தது. விருந்துக்கு ஆடு ஏற்றி வந்த பெரியப்பாவின் வண்டி கணவாயில் நின்றுவிட்டதாம். பெரியப்பா வண்டிக்குள் இருந்தார். ஆடு வண்டிக்கு வெளியே, வெகுதூரத்தில் இருந்தது.

"நான் போயிட்டு வந்துடறேன். மீதியை நீ வெட்டுறியா?" என்று அப்பா மாமாவைக் கேட்டார்.

"பட்டணத்துல பத்து மாடிக்குக் கம்பி வெட்டினவன் மச்சான் நான்."

"மூடியைக் கழட்டாத. கண்ணாடி போட்டுக்க."

மாமா மூடியைக் கழற்றவில்லை. கண்ணாடியும் போட்டுக்கொண்டார். ஆனால் அந்த மெஷின் பழையது, பொத்தான் இறுக்கம். இரண்டு குழாய் வெட்டுவதற்குள் மாமாவுக்கு விரல் மரத்துப்போனது. கையை உதறினார். உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு முழம் கயிறு இருந்தது. கறுப்பும் வெள்ளையும்.

"மாமா, அது தம்பியோட கயிறு!"

"மூணு முழம் முறுக்கி வெச்சிருக்கா உங்கம்மா. உன் தம்பிக்கு இருக்கிறது ரெண்டு கால்தானே?"

பிளக்கைப் பிடுங்கினார். பொத்தானை அழுத்தி, அதன் மேல் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"அப்பா இப்படிக் கட்ட மாட்டாரே," என்றாள் பெர்மெட். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. பெரியவர்கள் செய்வதைத் தவறு என்று சொல்ல அவளுக்குக் கூச்சம்.

"உங்கப்பா விரல் இரும்பு. என் விரல் வெறும் சதை. தள்ளிப் போ."

ஒரு கையால் மெஷினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிளக்கைச் சொருகினார். சொருகியதுதான் தாமதம். மெஷின் உறுமி அவருடைய கையை ஓர் இழுப்பு இழுத்தது. மாமா ஒரு பக்கமாகச் சாய்ந்து, சமாளித்து நின்றார்.

"பார்த்தியா? சொன்னதும் ஓடுது!"

பெர்மெட் வறட்டி அடுக்குக்குப் பின்னால் போய் நின்றாள். வெட்டும்போது அவள் நிற்க வேண்டிய இடம் அது. அங்கிருந்து தீப்பொறிகளைப் பார்த்தாள். சொல்வதற்கு முன்பே ஓடியதே என்று அவளுக்குத் தோன்றியது.

ஐந்தாவது குழாய் பாதியில் இருக்கும்போது உறுமல் தேய்ந்து தேய்ந்து நின்றது. வீட்டுக்குள் பாடிய ரேடியோவும் நின்றது. காற்றடிக்கும் நாளில் கரண்ட் போவது அங்கே புதிதில்லை.

"ஆச்சு. போச்சு," என்றார் மாமா. மெஷினை அப்படியே சர்க்கரைப் பாதாமி மரத்தடியில் வைத்தார்.

"தாலாய்! டீ ஆறுது!" என்று அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

மாமா இரண்டு அடி வைத்தார். திரும்பிப் பார்த்தார். பெர்மெட் பிளக்கைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"பிளக்கை எடுக்கிறேன்."

"கரண்டே இல்ல. இல்லாத கரண்டுக்குப் பயப்படுற ஆளை இப்பத்தான் பாக்குறேன். ஆபீசரம்மா, மாட்டி வை. கரண்ட் வந்தா மெஷின் சத்தம் போடும்ல, எனக்குத் தெரிய வேண்டாமா? இன்னும் ஒண்ணரைக் குழாய் இருக்கு."

"மாமா, கயிறு..."

"மாட்டிட்டு வா. போர்சோக் தீர்ந்துடும்."

அவர் உள்ளே போய்விட்டார்.

பெர்மெட் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மாட்டாவிட்டால் மாமாவின் பேச்சை மீறியதாகும். மாட்டினால், கரண்ட் வரும்போது மெஷின் தானாக ஓடும். பிடித்துக்கொள்ள யாரும் இருக்க மாட்டார்கள்.

வீட்டிலிருந்து வந்த நீள ஒயரின் முனையில் ஒரு பிளக் மாட்டத்தான் இடம் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். மாமாவுக்கு என்ன வேண்டும்? கரண்ட் வந்தது தெரிய வேண்டும். அவ்வளவுதானே?

மாட்டுக் கொட்டிலுக்குள் போனாள். ஆணியில் தொங்கிய கைவிளக்கை எடுத்து வந்து மரக்கிளையில் மாட்டினாள். ஒயர் முனையில் விளக்கைச் சொருகி, அதன் ஸ்விட்சைப் போட்டு வைத்தாள். மெஷினின் பிளக்கை, மரத்தடியில் மாமா கழற்றி வைத்திருந்த பழைய தொப்பிக்கு அடியில் வைத்தாள். பிறகுதான் உள்ளே போனாள்.

உள்ளே எண்ணெயில் பொரித்த போர்சோக் உருண்டைகள் மலைபோலக் குவிந்திருந்தன. நாளைக்குப் பொரித்ததில் கால்வாசியை மாமா இன்றைக்கே சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டினியா?"

"ம்ம்," என்றாள் பெர்மெட். எதை என்று அவர் கேட்கவில்லை. அவள் பியாலாக் கிண்ணத்தில் டீயை வாங்கிக்கொண்டாள்.

"எலாமான் உன்கூடத்தானே இருந்தான்?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. உங்ககிட்டத்தானே?"

இருவரும் தொட்டிலைப் பார்த்தார்கள். காலியாக இருந்தது. கதவைப் பார்த்தார்கள். பாதி திறந்திருந்தது.

பெர்மெட் ஜன்னலுக்கு ஓடினாள். டீயும் கையுமாக மாமாவும் பின்னால் வந்தார். முற்றத்தின் நடுவில் எலாமான் நடந்துகொண்டிருந்தான். இரண்டு கைகளையும் இறக்கை மாதிரி விரித்திருந்தான். ஒன்பது அடியைத் தாண்டி எப்போதோ வந்துவிட்டான். வாய்க்கால் பக்கம் போகவில்லை. மரத்தடிக்குப் போனான். மெஷினுக்கு முன்னால் தொப்பென்று உட்கார்ந்தான். வெள்ளியாய் மின்னிய வட்டின் மேல் உள்ளங்கையை வைத்துத் தட்டினான்.

அந்த நொடி வீட்டுக்குள் ரேடியோ பாட ஆரம்பித்தது.

கரண்ட் வந்துவிட்டது.

"எலாமான்!" மாமாவின் குரல் அவருடைய குரல் மாதிரியே இல்லை. கையிலிருந்த பியாலா கீழே விழுந்து உடைந்தது. செருப்புகூடப் போடாமல் பாய்ந்து வெளியே ஓடினார். அம்மாவும் பெர்மெட்டும் பின்னால் ஓடினார்கள்.

மரத்தடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பட்டப் பகலில், மஞ்சளாக.

மெஷின் சத்தமில்லாமல் கிடந்தது. எலாமான் ஒரு கையை வட்டின் மேல் வைத்தபடியே, மறு கையால் விளக்கைக் காட்டினான்.

"ஊ!" என்றான் மகிழ்ச்சியாக.

மாமா அவனை வாரி எடுத்தார். ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். ஐந்து. மறுபடியும் ஐந்து. பிறகு எலாமானோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அவர்கள் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குள் ரேடியோ எதையும் அறியாமல் பாடிக்கொண்டிருந்தது.

"நான் மாட்டச் சொன்னேனே," என்றார் மாமா மெதுவாக.

"விளக்கை மாட்டினேன் மாமா. கரண்ட் வந்தா தெரியணும்னுதானே சொன்னீங்க?"

மாமா அவளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "உன்னைச் சுத்தி வரேன்டி கண்ணு," என்றார். உன் துன்பமெல்லாம் எனக்கு வரட்டும் என்று அன்பாகச் சொல்லும் ஊர்ப் பேச்சு அது. நாற்பது வயது வாய்க்கு அதற்கு மேல் சொல் கிடைக்காமல் போனது அன்றைக்குத்தான்.

பிறகு இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினார். மெஷினின் பொத்தானைக் காட்டினார்.

"நீயே வெட்டு."

"முதல்ல சொல்லுங்க மாமா. பிளக் எங்க?"

மாமா விழித்தார். பெர்மெட் தொப்பியைத் தூக்கிப் பிளக்கை எடுத்தாள். தன் பையில் போடவில்லை, அவருடைய சட்டைப் பையில் போட்டாள்.

"என் பையில," என்றார் மாமா.

பெர்மெட் கத்தியைக் கயிற்றுக்கு அடியில் கொடுத்து மெல்ல இழுத்தாள். கறுப்பும் வெள்ளையும் பிரிந்து விழுந்தன. பொத்தான் டக் என்று மேலே எழும்பியது.

சாயங்காலம் அப்பா ஆட்டோடு வந்தார். மரத்தைப் பார்த்து நின்றார்.

"இருட்டறதுக்கு முன்னாடியே எதுக்கு விளக்கு?"

பெர்மெட் தன் காலணியைப் பார்த்தாள். மாமாவைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"நான் சொல்றேன் மச்சான்," என்று மாமாவே எழுந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். போர்சோக் தின்ற கணக்கைக்கூடச் சொல்லிவிட்டார்.

அப்பா திட்டவில்லை. எலாமானைத் தூக்கி வெகுநேரம் தோளில் வைத்திருந்தார். பிறகு பழைய பிரஷ்ஷை எடுத்து மாமாவிடம் கொடுத்தார்.

"தூசு தட்டி வை. பொத்தான்ல எண்ணெய் விடாத, அது இறுக்கமாவே இருக்கட்டும். கயிறு கட்டுற வேலையெல்லாம் நாளைக்கு இவன் காலோட நிக்கட்டும்."

இருட்டுவதற்குள் கதவு நின்றுவிட்டது. மீதி ஒன்றரைக் குழாயையும் மாமாதான் வெட்டினார். விரல் மரத்தபோதெல்லாம் நிறுத்தினார், உதறினார், மறுபடி வெட்டினார். ஒவ்வொரு முறை நிறுத்தியபோதும் பிளக் அவருடைய பைக்குப் போனது.

மறுநாள் ஊரே வந்தது. எலாமானுக்குப் புதுச் சட்டை. காலில் கயிறு, ஒரு முழம் குறைவாக. மாமா அவனைக் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தார். பிள்ளைகள் பாப்ளார் மரவரிசையிலிருந்து ஓடி வந்தார்கள்.

பெர்மெட் தன்னால் முடிந்த அளவு ஓடினாள். பாதி வழியிலேயே எல்லாரும் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு சைகல் அம்பு மாதிரி முதலில் போய்ச் சேர்ந்து கயிற்றை வெட்டினாள். எல்லாரும் கை தட்டினார்கள். சைகலுக்குப் புதுப் பந்து கிடைத்தது.

"நட ராஜா, நட!" என்று மாமா கையை விட்டார்.

இனிப்பைக் காட்டிக் கூப்பிட்டவர்கள் ஒரு பக்கம். பந்தை உருட்டிக் கூப்பிட்டவர்கள் ஒரு பக்கம். எலாமான் யாரையும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் பின்னால், இன்னும் ஓடி வந்துகொண்டிருந்த ஒரே ஒருத்தியைப் பார்த்தான். கைகளை விரித்துக்கொண்டு அவளை நோக்கி நடக்கத் தொடங்கினான்.

பெர்மெட் ஓடுவதை நிறுத்தி, மண்டியிட்டு எண்ணினாள். எட்டு. ஒன்பது. பத்து.

பதினேழாவது அடியில் அவன் உட்காரவில்லை. அக்காவின் மேல் விழுந்தான்.