கண்ணாடிச் சில்லுகளுக்கு அடியில்

1984, ஆடி மாதம். காலை 6.40.

ஓமந்தூர் சாலையோரம் தெய்வசிகாமணி கட்டியிருந்த புது வீட்டின் வாசல் தூண்களில் இரண்டு மெர்குரி விளக்குகளும் நொறுங்கிப் போயிருந்தன. முந்தின நாள் காலை விழுப்புரம் போயிருந்தவர், முதல் பஸ்ஸில் திரும்பியபோதுதான் அதைப் பார்த்தார். எட்டு மணிக்குத் திண்டிவனத்திலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் தேவநாதன் வந்து சேர்ந்தார்.

"வேற யாரு சார்? எதிர்க் கொல்லைக்காரன் துரைக்கண்ணுதான். 'உன் லைட்டாலதான் எனக்குப் பூச்சி. உடைச்சிட்டுத்தான் மறுவேலை'ன்னு ஊரே பார்க்கக் கத்தினான்," என்றார் தெய்வசிகாமணி.

தேவநாதன் சாலைக்கு அப்பால் பார்த்தார். துரைக்கண்ணுவின் கொல்லை. மூன்று ஏக்கர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. விளக்குகளுக்கு நேரே இருந்த செடிகளில் இலையே இல்லை, நரம்புதான். தள்ளிப் போகப் போகப் பச்சை. முந்தாநாள்தான் மறுபடியும் மழை பெய்திருந்தது. இந்த வாரம் துரைக்கண்ணு லாக்கப்பில் இருந்தால் மிச்சப் பச்சையும் மிஞ்சாது.

துரைக்கண்ணுவைக் கூட்டி வந்தார்கள்.

"நான் உடைக்கலீங்க. நேத்து காலையிலேயே திண்டிவனத்துக்குப் பூச்சி மருந்துத்தூள் வாங்கப் போயிட்டேன். ராத்திரி ஏழரை பஸ்ஸுலதான் வந்தேன்."

வாசலில் நின்றிருந்த தெய்வசிகாமணியின் மனைவி விசாலாட்சி தலைகுனிந்தபடி சொன்னாள்: "நேத்து ராத்திரி எட்டு மணி இருக்கும். லைட்டு எரிஞ்சிக்கினு இருந்திச்சி. டமார்னு சத்தம். ஆளைப் பார்க்கலை."

துரைக்கண்ணு அவளை ஒரு கணம் பார்த்தான்.

"நான்தான் சார் உடைச்சேன்," என்றான் உடனே.

"இப்பதானே இல்லைன்னே?"

"பயத்துல சொன்னேன். கல்லால அடிச்சேன்."

"எரியும்போதா?"

"எரிஞ்சிக்கினு இருக்கும்போதுதான்."

"கேஸ் எழுதுங்க சார்!" என்றார் தெய்வசிகாமணி.

தேவநாதன் எழுதவில்லை. தூணடியில் குந்தி, சிமெண்டுத் தரையில் கிடந்த சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு வீட்டைச் சுற்றி வந்தார். கிணற்றடியில் கொத்தனார்கள் விட்டுப்போன இரும்புச் சட்டி ஒன்று. மண்ணெண்ணெய் வாடை. உட்பக்கம் வெளிறிய பூச்சிச் சிறகுகள் ஒட்டியிருந்தன.

"இது எதுக்குங்க?"

"கட்டட வேலைக்கு வாங்கினது. சும்மாக் கிடக்குது," என்றார் தெய்வசிகாமணி.

காலை 9.10.

"இந்த விளக்கை யாரும்மா தேர்ந்தெடுத்தது?"

"நான்தாங்க," என்றாள் விசாலாட்சி. "விழுப்புரத்துக் கடையிலே நாலு விதமா எரிய வெச்சிக் காட்டினாங்க. மஞ்சள் பல்பு போதும்னுதான் கடைக்காரர் சொன்னார். நிலா மாதிரி இருக்குதேன்னு நான்தான் இதைக் கேட்டேன். ஆவணியிலே பொண்ணு பார்க்க வர்றவங்களுக்கு தூரத்திலேயே வீடு தெரியணும்னு."

"பொறந்த ஊரு?"

"கெடார். பொண்ணுகூட இப்போ அங்கதான், பாட்டி வீட்டிலே."

"அப்பா என்ன பயிர் வெச்சார்?"

அவள் குரல் இறங்கியது. "மல்லாட்டை."

தேவநாதன் எழுந்து நின்றார்.

"துரைக்கண்ணு சொல்றது பொய். மழை பெஞ்சா மண்ணுக்குள்ளேர்ந்து தாய்ப்பூச்சி வெளிய வரும். வெளிச்சத்தைத் தேடிப் போகும். பக்கத்துச் செடியிலே முட்டை வைக்கும். அதுதான் கம்பளிப்பூச்சியாகி இலையைத் தின்னுது. இந்த வாரத்துலே ஒரு மணி நேரம் லைட்டு எரிஞ்சிருந்தா, கீழே பூச்சி கொட்டிக் கிடக்கும். சில்லுக்கு அடியிலே ஒரு சிறகுகூட இல்லை. நேத்து லைட்டைப் போடவே இல்லை. பொழுது இருக்கும்போதே உடைஞ்சிருக்குது. அப்போ துரைக்கண்ணு திண்டிவனத்துலே. வீட்டிலே இருந்தது ஒரே ஆள்."

தெய்வசிகாமணி மனைவியின் பக்கம் திரும்பினார்.

"வெளிச்சத்துக்குக் கீழே சட்டியிலே தண்ணியும் மண்ணெண்ணெயும் வெச்சிப் பூச்சியைக் கொல்றது மல்லாட்டைக்காரங்க வழக்கம். நீங்களும் வெச்சுப் பார்த்திருக்கீங்க, இல்லையாம்மா?"

"தினம் இவர் தூங்கின அப்புறம் வெப்பேன். விடியறதுக்குள்ளே எடுத்திடுவேன். ஒரு சட்டிக்கு அடங்கலீங்க." விசாலாட்சி அழவில்லை. "லைட்டை மாத்தலாம்னேன். இவர் கேக்கலை. எங்கப்பா கொல்லை இப்படித்தான் மொட்டையாச்சு. நேத்து நாலு மணிக்குத் துரட்டிக் கோலாலே அடிச்சேன். யாரோ போக்கிரிப் பசங்கன்னு போயிடும்னு நினைச்சேன். துரைக்கண்ணு அண்ணன் மேலே வரும்னு நினைக்கலை. பயத்துலே வாய்க்கு வந்த நேரத்தைச் சொல்லிட்டேன்."

அவள் துரைக்கண்ணுவிடம் கேட்டாள்: "நீங்க ஏண்ணே ஒத்துக்கினீங்க?"

"ஏழரைக்கு வந்தப்பவே லைட்டு இல்லை. நீங்க எட்டுன்னதுமே புரிஞ்சிடுச்சி." அவன் தன் கொல்லையைப் பார்த்தான். "நீங்க சட்டி வெச்சதை வரப்புலேர்ந்து தினம் பார்த்துக்கினுதாம்மா இருந்தேன்."

தெய்வசிகாமணி தான் எழுதிக் கொடுத்த புகார்க் காகிதத்தைத் தேவநாதனிடமிருந்து திரும்ப வாங்கி மடித்தார்.

"மஞ்சள் பல்பு போட்டா வராதா, துரைக்கண்ணு?" யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"கொஞ்சமா வரும்ணே."

"அப்போ?"

"அறுப்பு முடியற வரைக்கும் ஒண்ணும் போடாதீங்க. பொண்ணு பார்க்க வர்றவங்களைப் பகல் பஸ்ஸுலே வரச்சொல்லுங்க."