அன்வர் பாட்சாவின் அகீக் மோதிரம்

ஞாயிறு மதியம் மூன்று மணி. அமெரிக்காவின் ஆலன் நகரில், அன்வர் பாட்சா வீட்டில் பிரியாணி தீர்ந்து பிரட் ஹல்வா வந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் தற்செயலாகத் தன் வலது கையைப் பார்த்தார். மோதிரத்தைக் காணோம்.

வெள்ளியில் சிவப்பு அகீக் கல் பதித்தது. அவருடைய அத்தா விரலிலிருந்து அவர் விரலுக்கு வந்தது. வீடு அல்லோலகல்லோலப்பட்டது.

"லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யறப்ப கழட்டி கீழ் பாத்ரூம்ல வெச்சேன். எப்பவும் அங்கதான் வைப்பேன்," என்றார்.

அதன்பிறகு அந்த பாத்ரூமுக்குப் போனது ஒரே ஆள், ஹம்சா. அன்வர் பாட்சாவின் மகள் ஆஃபீஃபாவோடு நிச்சயம் பேச, இர்விங் நகரிலிருந்து அக்கா தஹ்ஸீனோடு வந்திருந்த பையன்.

திருடன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "நிச்சயத்தைப் பத்தி அப்புறம் பாக்கலாம்," என்று மட்டும் அன்வர் பாட்சா சொன்னார். ஹம்சாவின் முகம் செத்துவிட்டது. தஹ்ஸீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தஹ்ஸீன் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள். வார இறுதியில் மெட்டல் டிடெக்டரோடு ஏரிக்கரையில் பழைய நாணயம் தேடுவது பொழுதுபோக்கு. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அங்கிள், மோதிரம் லூஸா?"

"ஷுகருக்கு டயட்ல இருக்கேன். கொஞ்சம் லூஸுதான். அதுக்கென்ன?"

"இன்னிக்குக் கழட்டினது ஞாபகம் இருக்கா?"

"தினம் கழட்டறவனுக்கு இதுல என்னம்மா ஞாபகம்?"

அன்வர் பாட்சாவின் தம்பி ஜுஹைர் ஃபோனை நீட்டினார். "அண்ணன் பிரியாணிக்கு தம் போட்டதும் நான் எடுத்த ஃபோட்டோ. ஒளு முடிச்சுட்டுதான் மாவு பிசைஞ்சாரு. பாரு, விரல்ல மோதிரம் இல்ல. அப்பவே அது பாத்ரூம்ல இருந்திருக்கு."

அந்தப் படத்தில், பிரியாணி டேக்ஸாவின் மூடியைச் சுற்றி, ஆவி வெளியேறாமலிருக்க மைதா மாவு பூசியிருந்தது. அன்வர் பாட்சா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிச் சிரித்தார். விரலெல்லாம் மாவு, மோதிர விரலின் அடியில் மட்டும் தோல் வளையமாகத் தெரிந்தது. தஹ்ஸீன் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு வீட்டம்மா ரஹ்மத்திடம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, தம் உடைச்ச மாவை என்ன பண்ணீங்க?"

"குப்பையில போட மனசு வரல. குருவி தின்னட்டும்னு பின்னாடி வேலியோரம் துண்டு துண்டா உடைச்சுப் போட்டேன்."

தஹ்ஸீன் காருக்குப் போய்த் தன் பின்பாயின்டரை எடுத்து வந்தாள். முருங்கைக்காய்த் துண்டு நீளத்தில் ஒரு கைக்கருவி. உலோகத்துக்குப் பக்கத்தில் போனால் கத்தும். இருப்பதிலேயே மலிவானது.

ஜுஹைருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவருக்கும் அதே பொழுதுபோக்கு. "இந்த பொம்மையை வெச்சா? சீப்பா வாங்கினா இப்படித்தான். இரு, என்னோடதைப் பாரு!"

அவருடையது விலை உயர்ந்தது, நீண்ட தூரம் மோப்பம் பிடிப்பது. அந்த வீட்டு வேலியோ இரும்பு. கருவி அதைக் கண்டதும் ஒப்பாரி வைத்தது, நிறுத்தவே இல்லை. சென்சிட்டிவிட்டியைக் குறைக்க அதில் வழி உண்டுதான். ஆனால் மேனுவல் படிப்பது ஜுஹைருக்குக் கௌரவக் குறைச்சல்.

தஹ்ஸீனின் கருவிக்கு ஒரு விரற்கடை தாண்டினால் கண் தெரியாது. அந்தக் குறையே இன்று கைகொடுத்தது; பக்கத்தில் இருந்த வேலியை அது சட்டையே செய்யவில்லை. அடர்ந்த பெர்முடா புல்லுக்குள் அதை விட்டு அலசினாள். தரையில் முட்டியதற்கே சும்மா ஒருமுறை கத்தியது. அதன் குணம் தெரிந்தவள், அசரவில்லை. மறுபடி கத்தியது. கையை எடுத்து வைத்தாள், மறுபடியும் கத்தியது. புல்லை விலக்கினாள். கருகிய மாவு ஒட்டிக்கொண்டு அகீக் மோதிரம் கிடந்தது.

"சிக்கிட்டான்!" என்று கூவினாள். எல்லோரும் ஓடி வந்தார்கள்.

"மோதிரத்தை எடுத்த ஆள் நீங்கதான், அங்கிள்," என்றாள் தஹ்ஸீன். "ஃபோட்டோல மோதிரம் இல்லங்கறதை எல்லாரும் பாத்தீங்க. மோதிரம் இருந்த இடத்துல மாவு இல்லங்கறதை யாரும் பாக்கல. ஒளுவுக்கே கழட்டியிருந்தா அங்கயும் மாவு ஒட்டியிருக்கணும். பிசையறப்ப விரல்ல இருந்திருக்கு. மூடியில மாவை அப்பறப்ப அதோடயே உருவிட்டுப் போயிருக்கு. தினமும் கழட்டறதால இன்னிக்கும் கழட்டினேன்னு நெனச்சுட்டீங்க."

ஜுஹைர் தன் கருவியை மெல்லச் சட்டைப்பைக்குள் நுழைத்தார்.

"மன்னிச்சுடும்மா," என்றார் அன்வர் பாட்சா.

"எங்கிட்ட இல்ல அங்கிள்."

"எஸ் டாட், ஹிம்," என்று ஹம்சாவைக் காட்டினாள் ஆஃபீஃபா. மத்தியானம் முழுக்க அவள் ஹம்சாவின் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

அன்வர் பாட்சா ஹம்சாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, தப்புப் பண்ணிட்டேன். நிச்சயத் தேதியை நீங்களே சொல்லுங்க. நான் வாயைத் திறக்கல."

ஹம்சா ஆஃபீஃபாவைத் திரும்பிப் பார்த்தான். "ஆஃபீஃபா சொல்லட்டும் அங்கிள்."

ஆஃபீஃபா யாரையும் கேட்கவில்லை. "இன்னிக்கே," என்றாள் தமிழில்.

ரஹ்மத் மிச்சமிருந்த பிரட் ஹல்வாவை எடுக்க உள்ளே ஓடினார். தஹ்ஸீன் தம்பியைக் கட்டிக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதாள்.